உஷ்... ரெக்கார்டிங்!

ஊரே மேடையைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் குனிந்து, கையிலிருக்கும் சின்னப் பெட்டியில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். காதை மூடிய பெரிய ஹெட்ஃபோன், இடுப்பில் பேட்டரிப் பை, கையில் வயர் சுருள். உங்கள் ஊர் பேண்டுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். நான் குறிப்பிட்டு யாரையும் சொல்லவில்லை. பொதுவாகவே இவர்கள் காக்கி அரைக்கால் சட்டை போட்டிருப்பார்கள். அதன் இடது பாக்கெட் கிழிந்து, அங்கே ஓர் ஊக்கு குத்தியிருக்கும்.

ஜூன் 21 வந்தால் பாண்டிச்சேரியில் இவர்களுக்குத் திருவிழா. வாத்தியம் வைத்திருப்பவர் யாரும் தெருவுக்கு வந்து வாசிக்கலாம் என்று 1982-இல் பிரான்சில் ஆரம்பித்த ‘ஃபெத் தெ லா முசிக்’, பழைய உறவை இன்னும் விடாத எங்கள் ஊரிலும் நடக்கிறது. வருஷம் முழுக்க பாரின் மூலையில், பாட்டில் உருளும் சத்தத்துக்கும் டிவி கிரிக்கெட்டுக்கும் நடுவே வாசிக்கிற பேண்ட் அன்றைக்கு வெயில்பட்ட தரைக்கு வரும். பாருக்குள் கால் வைக்காத அம்மாக்களும் தாத்தாக்களும் வாண்டுகளும், நம்ம பையன் ராத்திரியெல்லாம் எங்கேதான் போகிறான் என்று அன்றைக்குத்தான் பார்ப்பார்கள். லைவ் ரெக்கார்டிங் பண்ண இதைவிட நல்ல சாயங்காலம் கிடைக்காது. நல்ல பேண்ட், கடல் காற்று, கூட்டம்.

அந்தக் கூட்டம்தான் இவருக்குப் பிடிக்காது.

பேண்ட் ஸ்ருதி சேர்ப்பதற்குள் இவருடைய ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போய்விடும். “உஷ்!” வேர்க்கடலை வண்டிக்காரர் இரும்புச் சட்டியில் கரண்டியால் டங்கென்று ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் அவருக்குக் கூவல், விளம்பரம் எல்லாம். இவர் ஓடுவார். “அண்ணே, ஒரு பாட்டு முடியற வரைக்கும் தட்டாம இருங்கண்ணே, ரெக்கார்டிங் போயிட்டிருக்கு.” “நான் தட்டலைன்னா கடலை எப்படி தம்பி போகும்?” என்று அவர் கேட்பது நியாயம்தானே? அதற்கும் ஓர் உஷ். பீப்பி ஊதுகிற குழந்தைக்கு உஷ். குழந்தையை அதட்டும் அம்மாவுக்கு, குழந்தையைவிடச் சத்தமாக அதட்டியதற்காக, இன்னும் நீளமான உஷ். ஒரு தடவை கடலைப் பார்த்தே முறைத்தார். பொதுவாக முறைப்பார்கள் என்று சொல்ல வந்தேன்.

காற்றுச் சத்தம் புகாமலிருக்க மைக்குக்குப் புசுபுசுவென்று சாம்பல் நிறத்தில் ஒரு ரோம உறை போட்டு, உயரமான ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பார். அதைப் பார்த்த பிள்ளைகள் சும்மா இருக்குமா? அப்பா தோளில் ஏறி ஒன்று தடவிப் பார்க்கும். அந்தத் தடவல் ஹெட்ஃபோனில் இடியாக விழும். இவர் துள்ளுகிற துள்ளலைப் பார்க்கவே மறுபடி தடவும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது கைதட்டல் கூத்து. நியாயமாகப் பேசினால் அதற்குக் காரணம் உண்டு. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்குப் பாட்டு 58 மில்லி வினாடி பிந்தித்தான் வந்து சேரும். மிக்ஸரிலிருந்து வயரில் வருவதோ அந்த நொடியே வந்துவிடும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். ஆகவே முதலில் மேடையில் நின்று ஒருவர் ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பிற்பாடு கம்ப்யூட்டரில் அந்தத் தட்டை அடையாளம் வைத்து இரண்டு பதிவையும் நகர்த்திப் பொருத்துவது. மிக்ஸர் பதிவு மட்டும் போதாதா என்றால், போதாது. சின்ன மேடையில் டிரம்ஸும் கிதார் ஆம்ப்பும் தாமே காதைக் கிழிப்பதால், அவற்றை மிக்ஸரில் யாரும் தூக்கி வைப்பதில்லை. மிக்ஸரிலிருந்து மட்டும் எடுத்தால் பள்ளிக்கூட ஒப்பித்தல் போட்டி மாதிரி பாடகர் குரல்தான் தனியாக நிற்கும்.

சரி, இவர் மேடையேறித் தட்டினார். ஏதோ ஆரம்பிக்கிறது என்று ஜனம் மொத்தமும் தட்டியது. “உஷ்! நீங்க தட்டக் கூடாது, நான் மட்டும்தான் தட்டணும்.” மறுபடி தட்டினார். இந்த முறை விசிலும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் முறை தட்டியபோது பின்னாலிருந்து ஒருவர் “ஒன்ஸ் மோர்!” என்றார். டிரம்மர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கும் உஷ்.

இதைக் கேட்டால் இவர் கிரேட்ஃபுல் டெட் கதைக்குப் போய்விடுவார். அந்த அமெரிக்க பேண்ட், கச்சேரியைப் பதிவு பண்ண வரும் ரசிகர்களுக்கென்றே 1984-இல் மிக்ஸருக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கியது. “அங்கல்லாம் ரெக்கார்டிங் பண்றவனுக்கு மரியாதை இருக்கு தலைவா. இங்க என்னை ஐஸ் வண்டி பக்கத்துல நிக்க வெச்சிருக்கீங்க.” உண்மைதான். அந்த ரசிகர்கள் கேசட்டைக் காசுக்கு விற்காமல், ஒருவருக்கொருவர் பிரதியெடுத்துக் கொடுத்து நாடு முழுக்கப் பரப்பினார்கள் என்பதும் உண்மை. கதையின் அந்தப் பாதிக்கு இவர் வருவதே இல்லை.

இவரை முழுசாக வெறுக்கவும் முடியாது. ஒரு பைசா வாங்குவதில்லை. மைக், வயர், ஸ்டாண்ட் எல்லாம் சொந்தக் காசு. பேண்டுக்காரர்கள் நீட்டும் பீரைக்கூட எல்லாம் முடிந்து கடைசி வயரைச் சுருட்டிய பிறகுதான் தொடுவார். நாங்கள் போனில் பிடித்த வீடியோவெல்லாம் பேஸ் கிதார் வந்ததும் கரகரவென்று உடைந்துவிடும். போன வருஷம் ஆட்டோவில் போகும்போது ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். பாடகர் சரணத்துக்கு முன்னால் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அவருக்குப் பின்னால் யாரோ ஒரு தாத்தா தாளம் போடுவதும், அதற்கும் பின்னால் அலையும். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற நானே கேட்காததெல்லாம் அதில் இருந்தது. நான் கண்ணை மூடுவதற்குள் பிடுங்கிக்கொண்டார். “இது ரஃப் தலைவா. மிக்ஸ் பண்ணலை.”

இனி பொதுவாகப் பேசிப் பயனில்லை. உங்களைத்தான் சொல்கிறேன், ஊக்குச் சட்டைக்காரரே.

கடலைச் சட்டி சத்தம் விழுந்துவிட்டதென்று அன்றைக்கு ஒரு பாட்டை முதலிலிருந்து வாசிக்க வைத்தீர்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்திலிருந்து விதி இருக்கிறது. போலீஸ்காரர் வாட்சைக் காட்டியபோது பேண்ட் கடைசிக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த பாட்டு பாக்கி. அது யார் காதிலும் விழவில்லை. சரி, விழுந்ததாவது வருமா? கேட்கும்போதெல்லாம் “மிக்ஸிங் போயிட்டிருக்கு.” கொஞ்சம் அழுத்திக் கேட்டால் ஹாலிவுட் பௌலில் பீட்டில்ஸ் 1964-லும் 65-லும் வாசித்ததைக் காட்டுகிறீர்கள். ரசிகைகள் போட்ட கூச்சலில் அந்த டேப்பை எடுத்து ரெக்கார்டாக வெளியிட 1977 ஆனது என்கிறீர்கள். பீட்டில்ஸுக்கே அத்தனை வருஷம் என்றால் இவர்களுக்கு எத்தனை என்று நான் கணக்குப் போட வேண்டுமா? அந்த ரெக்கார்டிலும் கூச்சலை யாரும் துடைத்தெடுக்கவில்லையே, அது பாட்டுக்கு இருக்கிறதே!

கிதார் வாசித்த பையன் இப்போது பாரிஸில் வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய அம்மா ஒரே ஒரு நாள், அன்றைக்குத்தான், மடக்கு நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்து அவன் வாசிப்பதைக் கேட்டார். நடுவில், அவன் சோலோ உச்சத்துக்குப் போகும்போது, “சத்தமா வாசிடா கண்ணு!” என்று குரல் கொடுத்தார். நீங்கள் திரும்பி அவருக்கும் ஓர் உஷ் போட்டீர்கள். நான் பார்த்தேன். பையன் போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறான். பாட்டுகூட வேண்டாமாம், அந்த இடம் மட்டும் வெட்டி அனுப்பினால் போதுமாம்.

இவ்வளவும் எழுதி நேற்று வாட்ஸாப்பில் அனுப்பினேன். நடுராத்திரியில் பதில் வந்தது: “அதைத்தான் எடுக்கப் பாக்கறேன் தலைவா. அந்தம்மா குரல் கரெக்டா கிதார் ஃப்ரீக்வென்சியிலேயே உக்காந்திருக்கு. குரலைத் தொட்டா சோலோவும் போயிடுது. இன்னும் கொஞ்சம் டைம் கொடுங்க.”