சுழல்தட்டு இயல்: காவிரிப் படுகையில் கேமரா முக்காலி திரும்பும் முறைமை

கேமரா முக்காலியின் காலுக்கும் தலைக்கும் இடையே உள்ளங்கை அகலத்தில் அமர்ந்து, காலை அசையவிடாமல் தலையை மட்டும் கிடையாகச் சுழலவிடும் உறுப்பு சுழல்தட்டு. ஸ்டூடியோக்காரர்கள் பேனிங் பேஸ் என்பர். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பெயரே சொல்லாமல், ‘அதக் கொஞ்சம் லூஸ் பண்ணுப்பா’ என்பதோடு நிறுத்திக்கொள்வர். மேல்தட்டு, கீழ்த்தட்டு, நடு அச்சு, இறுக்கும் திருகு, விளிம்பில் 360 பாகைக் கோடுகள், ஒரு ரசமட்டக் குமிழி ஆகியவை இதன் உறுப்புகள். முக்காலிக் காலோடு சேரும் மரை பெரும்பாலும் 3/8 அங்குலம்; கேமராவைப் பிடிக்கும் மரை 1/4 அங்குலம். ஒன்று மற்றொன்றில் ஏறாது என்னும் உண்மை பலருக்கும் முகூர்த்த வேளையில்தான் புலப்படுகிறது.

இதன் தோற்றம் பற்றி இரு கொள்கைகளுக்கு இடமுண்டு. முதலாவது திரிகைக் கொள்கை. அடிக்கல் அசையாமல் கிடக்க, நடு முளையைப் பற்றிக்கொண்டு மேல்கல் சுழல்வது திரிகை. சுழல்தட்டின் இலக்கணமும் அதுவே. அற்றேல், திரிகையில் உளுந்து உடைபடுகிறதே, சுழல்தட்டில் உடைபடுவது யாது எனின், ஆற்று மணல் என்க. இரு தட்டுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மணல் புகுந்தால் எழும் ஓசை இக்கொள்கைக்கு வலுவான சான்று.

இரண்டாவது வரலாற்றுக் கொள்கை. விக்டோரியா மகாராணி பட்டமேறி அறுபது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடும் வைரவிழா ஊர்வலம் 1897 ஜூன் 22 அன்று லண்டனில் நடந்தது. அதைப் படம்பிடிக்க ராபர்ட் பால் என்பவர், கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரத்தின் வழியே கேமரா மெல்லத் திரும்பும்படி ஒரு தலையைச் செய்தார். சினிமாக் கேமரா கழுத்தைத் திருப்பக் கற்றது அப்போதுதான். ஆக, இது ஊர்வலத்துக்கென்றே பிறந்த கருவி. சுவாமி புறப்பாடு இல்லாத வாரத்தைத் தேடிப் பார்க்கவேண்டிய தஞ்சை வட்டாரத்தில் அது நிலைகொண்டதில் வியப்பில்லை.

ஆனால் தஞ்சையின் பெயர்பெற்ற தொடர்படம் சுழல்தட்டின் தயவின்றி எடுக்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவக் கேப்டன், 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். மெழுகேற்றிய காகித நெகடிவ்களிலிருந்து அச்சிட்ட 21 படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டியபோது 19 அடிக்கும் மேற்பட்ட நீளச் சுருள் ஒன்று உருவாயிற்று. இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். சுழல்தட்டு நின்ற இடத்தில் நின்று தன்னைத்தானே சுற்றுவது; அது ஆத்மப் பிரதட்சிணம். கல்வெட்டோ விமானத்தைச் சுற்றி ஓடுவது. அதைப் பிடிக்கக் கேமராவே நடக்கவேண்டும். அது பிரகாரப் பிரதட்சிணம். 360 பாகையும் பிழையின்றிச் சுழலும் விலையுயர்ந்த தட்டை ஒரே இடத்தில் நாட்டினால், கல்வெட்டின் ஒரு துண்டும், மிச்சத்துக்கு எதிர்ப்புறத் திருச்சுற்று மாளிகையும் கிடைக்கும். நடப்பதற்கு மாற்றாக ஒரு கருவியும் வரவில்லை என்பதை டிரைப்பின் சுருள் காட்டுகிறது.

சுழல்தட்டுக்கு இன்றியமையாதது மட்டம். டெல்டாவுக்கும் மட்டத்துக்கும் உள்ள உறவோ நூதனமானது. கல்லணையிலிருந்து கடல்வரை கண்ணுக்கு ஒரு மேடு தெரியாது. பரம்படித்த வயலில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். இவ்வளவு தட்டையான நாட்டில் முக்காலிக்கு மட்டமான இடம் தாராளமாகக் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர் நம்பி வருகிறார். வந்தபின், வயலுக்குள் நிற்க முடியாமல் வரப்பில் நிற்கிறார். வரப்பின் அகலம் ஒன்றரை அடி. முக்காலியின் ஒரு கால் வரப்பின்மேல், ஒரு கால் சேற்றில், மூன்றாவது கால் வாய்க்கால் சரிவில். சம்பா பருவத்தில் சேற்றுக்கால் படத்துக்குப் படம் அரை விரற்கடை இறங்கும். கோடையிலோ பாளம் பாளமாக வெடித்த வண்டல், ஒவ்வொரு காலுக்கும் வேறு வேறு உயரம் தரும். சேற்றுக்காலின் கீழே ஒரு கொட்டாங்கச்சியை வைத்தால் இறங்குவது குறையும். கடையில் இதற்கென்று விற்கும் அகன்ற பாதங்கள் செய்யும் வேலையும் இதுவே, விலைதான் வேறு.

கால்கள் சரிந்திருந்தாலும், கேமராவை எப்பக்கமும் சாய்க்கவல்ல பந்துத்தலையைக் கொண்டு படத்தை நேராக்கிவிடலாமே எனின், அஃதன்று. பந்துத்தலைக்குக் கீழே உள்ள சுழல்தட்டு, கால்கள் எப்படிச் சாய்ந்தனவோ அப்படியே சாய்ந்து சுழலும். முதல் படத்தில் தொடுவானம் நேராக இருக்கும். தட்டைத் திருப்பத் திருப்ப அது சரியும். அரைவட்டம் முடியும்போது சரிவு உச்சத்துக்குப் போகும். ஒட்டிய படத்தில் திருவையாற்றுத் தென்னைகள் பள்ளத்தில் நிற்க, காவிரி மேடேறி ஓடும். இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, காலைக் கூட்டிக் குறைத்து, தட்டிலுள்ள குமிழி நடுவுக்கு வரும்வரை பொறுமை காப்பது. மற்றது, பந்துக்கு மேலே அமரும் சுழல்தட்டை வாங்குவது. அப்போது பந்தைக் கொண்டே தட்டை மட்டமாக்கிவிடலாம். இரண்டாவது சுலபம். முதலாவதற்குக் காசு வேண்டாம். அதனால் அதுவே வழக்கில் உள்ளது.

காலை உறுதியாக நாட்ட டெல்டாவில் சிறந்த இடம் பெரிய கோயிலின் தளமிட்ட திருச்சுற்று. அங்கே முக்காலி விரிக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். வரப்பில் யாரும் அனுமதி கேட்பதில்லை. அனுமதி பெற்று நந்தி மண்டபத்தருகே நின்றவருக்கும் ஒரு சோதனை உண்டு. பக்கத்துத் தூணும் தொலைவிலுள்ள விமானமும் ஒரே சட்டகத்தில் வரும்போது, கேமரா சுழலும் அச்சு லென்சுக்குள் ஒளி புகும் புள்ளிக்கு நேர் கீழே இல்லையெனில், ஒவ்வொரு படத்திலும் தூண் சற்றே நகர்ந்திருக்கும். ஒட்டிய படத்தில் யாரும் கட்டாத தூண் ஒன்று முளைத்துவிடும். கேமராவைத் தட்டின்மேல் சில விரற்கடை பின்னுக்குத் தள்ளி வைப்பதே பரிகாரம். திறந்த வயலில் அருகே எதுவும் இல்லாததால் இக்குற்றம் தலைகாட்டுவதில்லை. மேலும், சுமார் 216 அடி விமானத்தைக் கிடையாகச் சுழலும் தட்டைக்கொண்டு அளக்க நினைப்பது வீண். தட்டைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பொருத்தும் கொண்டி வேண்டும்.

பாகைக் கணக்கு எளிது. முழுச்சட்டகக் கேமராவை நெட்டாக வைத்து 50 மி.மீ. லென்ஸ் போட்டால் கிடையாக ஏறத்தாழ 27 பாகை தெரியும். 20 பாகைக்கு ஒன்றாகத் திருப்பினால் பக்கத்துப் படத்தோடு கால் பங்கு மேற்பொருந்தும். முழுச் சுற்றுக்கு 18 படங்கள். வெளிச்சத்தையும் குவியத்தையும் முதல் படத்திலேயே பூட்டிவிடவேண்டும். இல்லையேல் ஒரே வயலின் கிழக்குப் பகுதி குறுவையாகவும் மேற்குப் பகுதி அறுப்புக்கு நின்ற சம்பாவாகவும் வந்துவிடும்.

அசையும் படத்துக்கு விதி வேறு. திரைக்கு வினாடிக்கு 24 படம் ஓடுகையில், ஒரு பொருள் சட்டகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏழு வினாடியாவது எடுக்கவேண்டும் என்பது ஒளிப்பதிவாளர் வழக்கு. குறைந்தால் படம் தத்தும். இவ்விதியை மீறும் தலையாய இடம் கல்யாணப் பந்தி. இலையின் தலைமாட்டில் தொடங்கும் வீச்சு, அப்பளம் நொறுக்கும் கை ஒன்று, ரசத்தை அணைகட்டிக்கொண்டிருக்கும் கை ஒன்று எனப் போய், விளக்கு வெளிச்சம் படும் முன்பே மெல்லுவதை நிறுத்திவிட்ட ஒரு வரிசை முகங்களைக் கடந்து, பாயசவாளியில் இடித்து நிற்கும். இதை மெதுவாகச் செய்தல் தகாது. பதினைந்து வினாடி வாயில் சோற்றை வைத்துக்கொண்டு புன்னகைக்க எந்தச் சித்தப்பாவாலும் இயலாது.

எதிர்முனையில் நிற்பது திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டது. திருச்சி பெல் நிறுவனம் இதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியிருக்கிறது. வீதி முக்கில் சக்கரத்தின் கீழே மசகு தடவிய இரும்புத் தகடுகளைப் போட்டு, முட்டுக்கட்டை கொடுத்து, தேரை இருந்த இடத்திலேயே சறுக்கித் திருப்புவர். மொட்டைமாடியில் முக்காலியோடு காத்திருக்கும் ஒளிப்பதிவாளர் அவ்வேளையில் திருகை இறுக்கிவிட்டுக் காபி குடிக்கலாம். சுழலும் வேலையைத் தேர் எடுத்துக்கொள்கிறது. தன் இன்னொரு புறத்தையும் கேமராவுக்குக் காட்டிவிட்டே அது அடுத்த வீதிக்குப் புறப்படும்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று கவனிக்கத்தக்கது. இறுகிய தட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் படுகை முழுதும் உண்டு. சித்திரையில் அது நன்றாகவே வேலைசெய்யும். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்குவது. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை வருவதோ தை மாதத்தை ஒட்டிய பகுள பஞ்சமியில். காவிரிக்கரைப் பனியில் விடிகாலை நாகஸ்வரத்தைப் பிடிக்க முக்காலியை நாட்டினால், தட்டு தவில் பக்கமே பார்த்தபடி நின்றுவிடும். தையல் எந்திர எண்ணெய் உறையாது; ஆனால் காற்றுக்கே தட்டு திரும்பும். மெல்லிய சிலிக்கான் கிரீசை ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வைப்பதே முறை. அதற்குமுன் பழைய எண்ணெயையும் அதில் ஒட்டிய உமியையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.