மிளகாய்க் காட்டுக்கு ஒரு வெள்ளைக்காரத் தொண்டர்

மாசி பிறந்து முண்டு மிளகாய் சிவக்கிற நேரத்தில், முதுகுளத்தூர் பக்கம் பழம் பறிக்க ஆள் தேடி அலைந்தவர்களுக்காக இது எழுதப்படுகிறது. ஆள் கிடைக்காது. கிடைத்தால் கூலி கேட்பார்கள். கேட்கட்டும், நியாயம்தான். நூறு நாள் வேலைக்கே 2024-25ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். அதைவிடக் குறைத்துச் சொன்னால் நீங்களே குனிந்து பறிக்க வேண்டியதுதான்.

கூலியே கேட்காமல், தன் காசில் விமானம் ஏறி வந்து வெயிலில் குனிய ஆசைப்படும் கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. 1971ல் லண்டனில் செகரட்டரியாக இருந்த சூ கொப்பார்டு என்ற பெண்ணுக்கு வாரக் கடைசியில் கிராமத்துக் காற்று வாங்க ஆசை வந்தது. இயற்கைப் பண்ணையில் வேலை செய்து தருகிறோம், சோறும் படுக்கையும் கொடுத்தால் போதும் என்று ஆரம்பித்தார். அதுதான் இன்று ‘வூஃப்’ என்ற பெயரில் நாடு நாடாகப் பரவியிருக்கிறது. நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் வேலை. பூச்சிமருந்து அடிக்காத காடாக இருக்க வேண்டும் என்பது விதி. அடிப்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஊரில் ஆள் விசாரிக்கப் போகலாம்.

வூஃப்பில் பதிந்துகொண்டபின் வருகிற விண்ணப்பங்களில் ‘அயர்லாந்துப் பண்ணையில் வேலை பார்த்த அனுபவம் உண்டு’ என்று யாராவது எழுதியிருந்தால் அவரைத் தேர்ந்தெடுங்கள். சேற்றுக்கும் சாணத்துக்கும் முகம் சுளிக்க மாட்டார். உருளைக்கிழங்கு தோண்டியிருப்பார், சரிந்த கல்வேலியை அடுக்கியிருப்பார். மழையைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அந்த நாட்டின் மேற்குக் கரையில் வருஷத்தில் 200 நாளுக்கு மேல் தூறுமாம். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு. அதை நம்பித்தான் மிளகாயே விதைக்கிறோம். ‘மழை வந்தால் தொந்தரவு’ என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் உங்கள் அப்பா மனம் நொந்துபோவார்.

கிடை போட வந்திருக்கும் கீதாரியின் மந்தையைப் பார்த்ததும் தொண்டருக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். எல்லாம் ராமநாதபுரம் வெள்ளை ஆடுகள். ஓடிப்போய்த் தடவிவிட்டு, எப்போது கம்பளி கத்தரிப்பீர்கள் என்று கேட்பார். அதன் உடம்பில் இருப்பது வெறும் முடி, கறிக்காக வளர்க்கிறோம் என்று கீதாரி சொல்வார். தொண்டர் மரக்கறிக்காரராக இருந்தால் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிட மாட்டார். கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்தது காகித வேலை. வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குப் பதிவு செய்ய வேண்டும். மற்ற மாவட்டங்களில் இது ஒரு படிவம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் படிவத்தைப் பார்த்துப் போலீசின் கியூ பிரிவிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள். அந்தக் கடலைப் பார்த்தபடி பைனாகுலரோடு நிற்கும் புது முகத்தைச் சும்மா விட முடியுமா? டிரோன் கொண்டு வந்திருக்கிறேன் என்று தொண்டர் சொன்னால் அதை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. அதற்குப் பெயரே பருந்து. கோழிக்குஞ்சை அதன் வானத்தில் விடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஷவர் எங்கே என்று கேட்டால் நாலு சக்கரத் தள்ளுவண்டியைக் காட்டுங்கள். குடம் உட்காரக் குழி வைத்துச் செய்த வண்டி. இந்த மாவட்டத்துப் பெண்கள் அரை ஆயுளைத் தள்ளிக் கழித்த வண்டி. குழாயடி வரை ஒருமுறை தள்ளிப் போய் நிறைகுடங்களோடு திரும்பட்டும். அதற்கப்புறம் அரைக் குடத்தில் குளித்துவிட்டு மீதியை முருங்கைக்கு ஊற்றுவார்.

இனி பறிப்பு. விடிந்ததும் இறங்கிவிட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் கரையேற வேண்டும். செடி முழங்கால் உயரம், தொண்டர் ஆறடி. பழத்தைக் காம்போடு எடுக்க வேண்டும், கிளை ஒடியக்கூடாது, பக்கத்திலிருக்கும் பூ உதிரக்கூடாது. நிரையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் அக்கா பேசிக்கொண்டே ஒரு சாக்கு நிரப்புவார். தொண்டர் பேசாமல் ஒரு வாளி நிரப்புவார், பாதி இலையோடு. ஒன்பது மணிவாக்கில் நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைப்பார், கண் ஓரத்தில் விரல் படும். அவ்வளவுதான். ஓடிப்போய்த் தண்ணீரை வாரி வாரி அடிப்பார். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கழுவக் கழுவக் கை இன்னும் எரியும். கண்ணுக்குத் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கைக்கு நல்லெண்ணெய் தடவிச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்பார். சொன்னால் கையுறை மாட்டிக்கொண்டு வருவார், கையுறையோடு காம்பு சிக்காது.

ஒரு தகவல் மட்டும் அவருக்குத் தெம்பு தரும்: இந்த உருண்டை மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை உடனே போட்டோவுக்குக் கீழே எழுதிப் போடுவார். எட்டிவயல் சந்தையில் வத்தலை அள்ளிப் பார்க்கிற வியாபாரி அதற்காக விலையை ஏற்றிவிடப் போவதில்லை. களத்தில் காய்கிற வத்தலிலிருந்து வெளுத்துப்போன சண்டு வத்தலைப் பொறுக்கித் தனியே போட அவரை உட்கார வைக்கலாம். அதில் அவர் உங்களைவிடக் கறாராக இருப்பார். பாதி மூட்டையைச் சண்டு என்று ஒதுக்கிவிடுவார். ராத்திரி நீங்கள் திரும்பக் கலந்துகொள்ளலாம்.

பறிப்பு இல்லாத நாளில் சீமைக் கருவேலம். 2017ல் உயர் நீதிமன்றமே அகற்றச் சொல்லி உத்தரவு போட்ட மரம். வெட்டினால் துளிர்க்கும், மறுபடி வெட்டலாம். ஒரு தொண்டருக்கு இதைவிட நிரந்தரமான வேலை வேறு கிடையாது. ரப்பர் செருப்பை முள் துளைத்துவிடும், பூட்ஸ் போடச் சொல்லுங்கள். முடியவே முடியாதா என்று சோர்ந்தால் கமுதி பக்கம் வல்லந்தைக்குக் கூட்டிப்போங்கள். பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் இதே முள்காட்டை விலைக்கு வாங்கித் திருத்தி மாவும் கொய்யாவும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு மாதத்துக்காக வந்தவர்கள் இல்லை என்பதைத் திரும்பும் வழியில் சொன்னால் போதும்.

விடுமுறை நாளில் ராமேசுவரம் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். 22 தீர்த்தத்திலும் நனைந்துவிட்டு வரட்டும். வீட்டுத் தண்ணீர் மிச்சம்.

ஒரு மாதம்தான் கணக்கு. நம் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டு வேலைக்கு அவ்வளவுதான் இடம். காம்பு ஒடியாமல் பறிக்கக் கை பழகிவரும் வாரத்தில் அவர் மூட்டை கட்டுவார். அன்றைக்குப் பார்த்து, துபாய் விசாவுக்குக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “அண்ணே, இதே மாதிரி நான் அயர்லாந்து போய்ப் பண்ணை வேலை பார்க்கலாமா?” என்பான். சுற்றிப் பார்க்கிற விசாவில் அங்கே போகிறவர் சம்பளத்துக்கும் வேலை பார்க்கக்கூடாது, சும்மாவும் பார்க்கக்கூடாது என்று சொல்லுங்கள். வேறு விசா கிடைத்தால் என்ன தருவார்கள் என்று கேட்பான். சோறும் படுக்கையும்.

“அதத்தான எங்கம்மா இங்கயே தருது” என்பான்.

இருக்கட்டும், நாளைக்குப் பழம் பறிக்க வருகிறாயா என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். அடுத்த விண்ணப்பத்தைத் திறங்கள். நெதர்லாந்துக்காரர், மாடு கறந்த அனுபவம் உண்டு, ஏப்ரலில் வரலாமா, வெயில் இதமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார். வரச் சொல்லுங்கள்.