விடை தெரிந்த கணக்கு

1999-இல் திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில் மாலை நேர வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் மலர் என்று எது வந்தாலும் பேஜ்மேக்கரில் கோத்துக் கொடுப்போம். கடைக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆனபோது, முதலாளி பணத்தைக் கையில் கொடுத்து என்னைத்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பினார். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பாகம் பாகமாக வாங்கிவந்து, கடைத் தரையில் செய்தித்தாளை விரித்து நானே அசெம்பிள் செய்தேன். உள்ளே போட்டது இன்டெல் செலிரான் 300ஏ.

1998 ஆகஸ்டில் அந்தச் சிப் வெளியானபோது அமெரிக்க விலை 149 டாலர். கூடவே வந்த பென்டியம் டூ 450-க்கு 669 டாலர். இரண்டும் ஒரே 0.25 மைக்ரான் வார்ப்பு. செலிரானில் 128 கிலோபைட் கேஷ்தான் உண்டு; ஆனால் அது சிப்புக்குள்ளேயே இருந்ததால் சிப்பின் முழு வேகத்துக்கு ஓடியது. பென்டியத்தின் 512 கிலோபைட் வெளியே தனியாக இருந்து பாதி வேகத்தில் ஓடியது. செலிரானின் பெருக்கு எண்ணை 4.5 என்று பூட்டிவைத்திருந்தார்கள். மதர்போர்டின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ் என்றால் 300 கிடைக்கும்; அதை 100 ஆக்கினால் 450. பாதிக்குப் பாதி கூடுதல் வேகம், பைசா செலவில்லாமல். இருபது வயதில் இதைக் கேள்விப்பட்டவன் எப்படிச் சும்மா இருப்பான்?

எங்கள் ரேம் 66-க்கு உரியது. 100 போட்டதும் திரையே வரவில்லை. பயாஸில் நடுவில் 83 என்று ஒன்று இருந்தது. போட்டேன். 375 மெகாஹெர்ட்ஸ். விண்டோஸ் 98 வந்தது, பேஜ்மேக்கர் திறந்தது, பக்கங்கள் சட்டென்று புரண்டன. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

நான்காவது வாரம் ஒரு கும்பாபிஷேக மலர். 64 பக்கம். பாதிக்கு மேல் முடித்து, தினமும் இரவு சேமித்து, ஃபிளாப்பிகளிலும் பிரதி எடுத்து வைத்திருந்தோம். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள் ஃபைல் திறக்கவில்லை. அளவு சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது, உள்ளே குப்பை. ஃபிளாப்பியை எடுத்தால் அதிலும் அதே குப்பை. பிரதி எடுத்த மூலமே கெட்டுப்போயிருந்தது. பழைய கம்ப்யூட்டரில் மூன்று பேர் விடிய விடிய உட்கார்ந்து மறுபடி அடித்தோம். அண்ணன் திட்டவில்லை. காலையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “மெஷின் தப்பா எழுதுனா, அதுவாச் சொல்லாதா தம்பி?”

தப்பு மெஷினுடையது இல்லை, என்னுடையது. அது எப்படி என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்தக் காலத்து போர்டில் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பிசிஐ வழி, பஸ் வேகத்தை வகுத்துத்தான் தன் வேகத்தை எடுத்துக்கொள்ளும். 66 என்றால் இரண்டால் வகுத்து 33. அதுதான் அதற்கு விதித்த அளவு. 100 என்றால் மூன்றால் வகுத்து அதே 33. ஆனால் 83-க்கு வகுப்பான் இரண்டுதான். பிசிஐ 41-ஐத் தாண்டி ஓடும். பாதி வழியில் நிற்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்து நான் நின்ற இடம், மேலும் கீழும் இருந்த இரண்டு இடங்களைவிட ஆபத்தானது. சிப் நன்றாகத்தான் கணக்குப் போட்டது. டிஸ்க்குக்குப் போகிற வழியில் எழுத்து சிதறியது.

அந்த மாதமே சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி 100 மெகாஹெர்ட்ஸ் ரேம் வாங்கினேன். இந்த முறை சோதிக்காமல் தொடுவதில்லை என்று வைராக்கியம். பிரவுசிங் சென்டரில் இறக்கி ஃபிளாப்பியில் கொண்டுவந்த நிரலின் பெயர் பிரைம்95. ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர் மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதியது. உலகம் முழுக்கப் பலருடைய கம்ப்யூட்டர்கள் சேர்ந்து நடத்தும் தேடல் அது. அந்த 1999 ஜூனில்தான் 20 இலட்சம் இலக்கங்களைத் தாண்டிய பகா எண் ஒன்றை முதன்முறையாகக் கண்டுபிடித்தார்கள். பல வாரம் ஓடும் கணக்கில் ஒரே ஒரு இடத்தில் பிசகினாலும் அத்தனையும் வீண். அதனால் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று முதலில் பார்க்க, நிரலுக்குள்ளேயே ‘டார்ச்சர் டெஸ்ட்’ என்று ஒன்றை வைத்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விடை முன்பே தெரிந்த கணக்குகளை அது திரும்பத் திரும்பப் போடும். கடைசியில் தன் விடையை அந்த விடையோடு ஒப்பிடும். இடையிலும் ஒரு காவல் உண்டு. பிரம்மாண்டமான எண்களைத் தசம எண்களாக உடைத்துப் பெருக்குவதால், வரும் விடை ஒவ்வொன்றும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து விழ வேண்டும். 0.4-க்கு மேல் தள்ளி விழுந்தால் எங்கோ ஒரு பிட் புரண்டுவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு, ரவுண்டிங் 0.5, 0.4-க்குள் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதும். அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஒரு வரியில் இருந்தது. மெஷின் தானாகச் சொல்லாது. விடை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

450-இல் முதல் ஓட்டம் நாற்பது நிமிடத்தில் விழுந்தது. 2.0 வோல்ட்டிலிருந்து ஒரு படி ஏற்றினேன், தெர்மல் பேஸ்ட்டை வழித்தெடுத்து மெல்லிசாகத் தடவினேன், கேபினெட்டைத் திறந்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். சென்னை வெயிலில் இரவில் தேறுவது பகல் இரண்டு மணிக்குத் தேறாது. ஆகவே பகலில்தான் கடைசிச் சோதனை. இருபத்து நான்கு மணி நேரம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடிய பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டு, “இனிமே நம்பலாம்ணே” என்றேன். அந்தக் கம்ப்யூட்டர் நான் வேலையை விட்டுப் போகும்வரை ஒரு பக்கத்தைக்கூடக் கெடுக்கவில்லை.

போன மாதம் அக்கா மகன் கூப்பிட்டான். அனிமேஷன் படிக்கிறான், ராத்திரி முழுக்க பிளெண்டரில் ரெண்டர் ஓடும். அவனுடையது ரைசன் 7 5800எக்ஸ். எட்டு கோர், 4.7 கிகாஹெர்ட்ஸ். அன்று நான் ஒளிந்து எடுத்த வேகத்தை இன்று சிப் தானே எடுத்துக்கொள்கிறது. சூடு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று நொடிக்குப் பலமுறை பார்த்து, இடம் இருக்கும்வரை ஏறுகிறது. ஆகவே இன்றைய பிள்ளைகள் செய்வது எதிர்த்திசை வேலை: ஒவ்வொரு கோருக்கும் போகும் வோல்டேஜைக் குறைக்கிறார்கள். சூடு குறையும், குறைந்த சூட்டில் சிப் இன்னும் ஏறும். கர்வ் ஆப்டிமைசர் என்று பயாஸில் இருக்கிறது. ஒரு எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட், மைனஸ் 30 வரை போகலாம். அவன் எட்டு கோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மைனஸ் 30 போட்டிருந்தான்.

“மாமா, ஃபுல் லோடுல ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. சும்மா பாட்டு கேட்டுட்டிருக்கறப்ப ரீஸ்டார்ட் ஆகுது.”

எங்கள் காலத்தில் இப்படி ஒரு புகாரை நம்பியிருக்கவே மாட்டோம். சுமை ஏற்றினால் விழும், இறக்கினால் நிற்கும்; அவ்வளவுதான் அப்போது விதி. இப்போது எட்டு கோரும் உழைக்கும்போது எல்லாமே கொஞ்சம் தாழ்ந்த வேகத்தில் ஓடுகின்றன. ஒரே ஒரு கோர் மட்டும் திடீரென்று விழிக்கும்போதுதான் அது உச்சிக்குப் பாய்கிறது. குறைத்த வோல்டேஜ் அங்கே போதாமல் போகிறது. அதிலும் தொழிற்சாலையே சிறந்தது என்று குறித்த கோர்தான் முதலில் விழும், ஏனென்றால் அதை ஏற்கெனவே விளிம்புவரை தள்ளிவைத்திருக்கிறார்கள்.

ரீஸ்டார்ட் ஆவதுகூடப் பரவாயில்லை, தெரிந்துவிடுகிறது. எனக்கு அடிவயிறு கலங்கியது அவன் அடுத்துச் சொன்னதில்: சில ஃப்ரேம்களில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். அவன் பிளெண்டரின் கோளாறு என்று நினைத்திருந்தான். 2021-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வறிக்கை நினைவுக்கு வந்தது. யாரும் ஓவர்கிளாக் செய்யாத, தரவு மையத்துச் சிப். அதன் ஒரு கோர் மட்டும் 1.1-ஐ 53 முறை பெருக்கிய விடையின் முழு எண்ணாக 156-க்குப் பதில் 0 என்றது. வேறு பல கணக்குகள் சரியாகவே வந்தன. எந்த எச்சரிக்கையும் இல்லை. அந்தப் பூஜ்யத்தை நம்பி, கோப்பு காலி என்று முடிவுகட்டி, இருந்த கோப்புகளைத் தவறவிட்டிருக்கிறது மேலே ஓடிய மென்பொருள்.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் தேடினால் 18-ஆம் எண் பிழை ஐந்து இடத்தில். ஒவ்வொன்றிலும் ஏபிஐசி அடையாளம் 6 அல்லது 7. ஒரு கோருக்கு இரண்டு எண் என்பதால் இரண்டால் வகுத்தால் மூன்று. மூன்றாம் கோரை மைனஸ் 20-க்கு ஏற்றினோம். கோர்சைக்ளர் என்ற கருவியைப் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரில் மட்டும் சோதனையை ஓட்டி, அடுத்ததற்குத் தாவும். உள்ளே ஓடுவது எது என்று பார்த்தால் அதே பிரைம்95. திருவல்லிக்கேணியில் பார்த்த அதே 0.4.

“எவ்ளோ நேரம் மாமா?” என்றான். ஒரு கோருக்கு ஒரு மணி நேரமாவது விடச் சொன்னேன். முகம் சுருங்கியது; மறுநாள் ஒரு ரெண்டர் கொடுக்க வேண்டியிருந்தது. கும்பாபிஷேக மலர் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ரெண்டரை அக்காவின் லேப்டாப்பில் போட்டான்.

விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தேன். மூன்றாம் கோர் தேறியிருந்தது. ஐந்தாம் கோர் விழுந்திருந்தது; திரையில் சிவப்பாக அந்த ஒரு வரி. அவனும் எழுந்து வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பயாஸுக்குப் போய் ஐந்தாம் கோரை மைனஸ் 18 ஆக்கினான். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பூஜ்யம் கோரிலிருந்து மறுபடி ஓட்டிவிட்டுப் போய்ப் படுத்தான்.