சகலையின் மூட்டை

சகலைகளில் இரண்டு வகை. கையை வீசிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் ஒரு வகை. வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர் இன்னொரு வகை. எனக்கு வாய்த்தவர் இரண்டாவது. காலையில் ஏற்காடு போய்ச் சாயங்காலம் திரும்புகிற பயணத்துக்குக் கூடாரம் எடுத்து வந்தவர் அவர். எதற்கு என்று கேட்டேன். "காடு சகல. எப்ப என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நடந்தது என்னவோ, படகு சவாரிக்கு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றதுதான்.

இந்த ரகத்து ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தொட்டிருப்பார். சம்பளத்தில் குறை இருக்காது, முழங்காலில் கொஞ்சம் இருக்கும். அமெரிக்காக்காரர்கள் மான் வேட்டைக்குப் பை கட்டுகிற வீடியோக்களை ராத்திரி பன்னிரண்டு மணி வரை கண்கொட்டாமல் பார்ப்பார். வேட்டை தொடங்கியதும் செல்போனை அணைத்துவிடுவார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும்.

ஆனால் பரம்பரை வேட்டைக்காரப் பரம்பரை. அவருடைய தாத்தா லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர். கூடத்துச் சுவரில் படம் தொங்குகிறது: தார்ப்பாய்ச்சிய வேட்டி, தலையில் துண்டு, தோளில் துப்பாக்கி, கக்கத்தில் ஒரு துணிப்பை. பையில் அவலும் வெல்லமும் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை அதோடு போயிற்று. மூட்டை போகவில்லை. ஒரு துணிப்பையாக இருந்தது மூன்றாம் தலைமுறைக்குள் எழுபது லிட்டர் முதுகுப்பையாக வளர்ந்துவிட்டது.

போன தை மாதம் கொல்லிமலைக்கு இரண்டு குடும்பமும் போவதென்று முடிவானது. உள்ளூர் ஆள் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றுவது. "துப்பாக்கி இல்லாத வேட்டை" என்று சகலை அதற்குப் பெயர் வைத்தார். கேமராவும் பைனாகுலரும் ஆயுதம்.

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மைனஸ் ஐந்து டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக் ஒன்று பூசணிக்காய் போல உட்கார்ந்திருந்தது. கொல்லிமலை சுமார் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் உயரம். தை மாதக் குளிருக்கு ஒரு கம்பளியும் ஒரு டம்ளர் மிளகு ரசமும் யதேஷ்டம். சோபா மேல் இலை அச்சடித்த சட்டையும் கால்சட்டையும் கிடந்தன. காட்டோடு காடாக மறைந்துகொள்ளவாம். அச்சில் இருந்தது ஏதோ குளிர்நாட்டு மரத்தின் இலை. பலாவும் காப்பியும் மிளகுக்கொடியும் இருக்கிற மலையில் இவர் ஒருவர் மட்டும் மேப்பிள் மரமாக நிற்பார்.

அதன் மேலேயே பளீரென்று ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்று. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் இதைப் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புதருக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு வேட்டைக்காரர் மானென்று நினைத்துச் சுட்டுவிடுவார். மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது என்பதால் வேட்டையும் கெடாது. சகலை இரண்டையும் வாங்கியிருந்தார். மறைவதற்கு ஒன்று, மறைந்திருப்பதைத் தெரிவிக்க ஒன்று.

மனித வாடையைப் போக்குகிற ஸ்ப்ரேயும் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவர் மனைவி புளிசாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பூண்டுத் தொக்கு டப்பாவை வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எடை போடுகிற சடங்கு. கொக்கித் தராசில் பையை மாட்டித் தூக்கினார். பதினெட்டு கிலோ. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நேராகப் போய் ஒரு ஆக்ஸா பிளேடு எடுத்து வந்து, டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். "ஒவ்வொரு கிராமும் கணக்கு சகல." அறுத்த பிரஷ்ஷைப் பைக்குள் போட்டுவிட்டு, ஞாபகம் வந்தவராகக் காஸ் அடுப்பையும் உள்ளே திணித்தார்.

பெரிய மனிதர்களும் இப்படித்தான். தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஜனாதிபதிப் பதவி முடிந்த கையோடு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். தோல்களைப் பாடம் பண்ண நாலு டன் உப்பு, பொழுதுபோகப் பன்றித்தோல் அட்டை போட்ட ஐம்பது அறுபது புத்தகங்கள். ஆனால் அவருக்குச் சுமக்க இருநூறுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். என் சகலைக்கு நான் ஒருவன்.

மலையடிவாரத்துச் சோதனைச்சாவடியில் காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். இலைச் சட்டை, நெற்றியில் ஹெட்லைட், கழுத்தில் பைனாகுலர், இடுப்பில் கத்தி. காவலர் வயதானவர். சகலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "முயலா, பன்னியா?"

சகலைக்கு முகம் வெளுத்துவிட்டது. பையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே இருந்தார். கையுறை இரண்டு ஜோடி, தண்ணீர் வடிகட்டுகிற குழாய், அட்டை கடிக்காத சாக்ஸ், மடக்கு நாற்காலி, விசில், மூன்று பவர் பேங்க். பாதியாக அறுத்த டூத் பிரஷ் வெளியே வந்ததும் காவலர் கையைத் தூக்கி நிறுத்தினார். "கட்டிக்குங்க சார். வேட்டைக்குப் போறவன் இவ்வளவு சாமான் கொண்டுபோக மாட்டான்."

அதைவிட அவமானமாக யாரும் அவரைப் பேசியதில்லை. கொண்டை ஊசி வளைவுகள் 70. முதல் முப்பது வளைவுக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறந்தார், ஆனால் பேசுவதற்கு அல்ல. கார் ஓரமாக நின்றது. பதினெட்டு கிலோவில் பாம்புக்கடிக்குக் கட்டு இருந்தது, வாந்திக்கு ஒன்றும் இல்லை. என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்து பாருங்க மாமா" என்று நீட்டினாள்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டோம். இந்த மலைக்கு அரசன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரு அம்பில் ஐந்து விலங்கு. அவன் என்ன உடுத்திருந்தான், எதைச் சுமந்தான் என்று பார்த்தால், மார்பில் ஆரமும் சந்தனமும்தான். காட்டிலேயே பாணர்களுக்கு மான் கறியும் மதுவும் கொடுத்து, பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்தானே, அதையெல்லாம் எந்தப் பையில் வைத்திருந்தான் என்று சகலையிடம் கேட்டேன். அவர் சிலைக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி அறப்பளீசுவரர் கோயில் பக்கம் காத்திருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, இடுப்பு மடிப்பில் செல்போன், கையில் ஒரு அரிவாள். காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. இடது செருப்பின் வார் என்றைக்கோ பிய்ந்து, துளைக்கு அடியில் ஒரு ஊக்குக் குத்தி நிறுத்தியிருந்தது. அவ்வளவுதான் மனிதருடைய சாமான்.

சகலை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஒரு புதருக்குள் மறைந்து உட்கார்ந்தார். அசையக் கூடாது என்று எங்களுக்கும் சைகை. ஐந்தாவது நிமிடம் ஒரு குரங்கு நிதானமாக நடந்து வந்து, மேப்பிள் மரத்தின் மடியில் ஏறி, ஜிப்பைத் திறந்து, பூண்டுத் தொக்கை எடுத்துக்கொண்டு போயிற்று.

ஆகாய கங்கை அருவிக்குக் கீழே இறங்க 1,000-க்கு மேல் படிகள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்தால் இறங்கிய களைப்பு மறந்துபோகும். ஏறும்போது ஞாபகம் வந்துவிடும். பையைக் காரில் விடச் சொல்லி வழிகாட்டி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். சகலை கேட்கவில்லை. திரும்பும்போது, இருநூறாவது படி வாக்கில், இரண்டு ஊன்றுகோலையும் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"குடுங்க சார்."

வழிகாட்டி பையைத் திறந்து மேலாக இருந்த, சீக்கிரம் காய்கிற துண்டை எடுத்தார். முறுக்கிச் சுற்றிச் சும்மாடு ஆக்கினார். பதினெட்டு கிலோவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். எடை இடுப்பில் இறங்குவதற்காகத் தைத்த பெல்ட்டும், மார்பில் மாட்டுகிற கொக்கியும், தோள்வாரும் அவர் காதுக்கு இரண்டு பக்கமும் யானை முகபடாம் போல ஆடின. செல்போனில் யாருடனோ பலாப்பழ விலை பேசிக்கொண்டே ஏறினார். அந்த மூட்டையிலிருந்து இரண்டு நாளில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தத் துண்டு ஒன்றுதான்.

சகலை பின்னாலேயே ஊர்ந்தார். கண் முழுக்க முன்னால் ஏறிக்கொண்டிருந்த கால்கள் மேல். மேலே வந்து மூச்சு வாங்கி முடித்ததும் என் காதருகே குனிந்தார்.

"சகல, விஷயமே அந்தச் செருப்புலதான் இருக்கு. கவனிச்சீங்களா? வழுக்கவே இல்ல. என்ன பிராண்டுன்னு நைசா கேளுங்க."

செம்மேட்டுக் கடை ஒன்றில் அதே நீல வார் செருப்பு கிடைத்தது. இரண்டு ஜோடி எடுத்தார், ஒன்று ஸ்பேர். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். காசை எண்ணி வைத்துவிட்டு, வாசல் வரை வந்த சகலை திரும்பிப் போனார்.

"ஏனுங்க, ஊக்கு இருக்குங்களா? ஒரு அட்டை குடுங்க."