டீசலை மெழுகாக்குவது எப்படி?

மலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாமே வண்டி நிற்காமல் போவதற்கான ஆலோசனை. வண்டியை நடுமலையில் கச்சிதமாக நிறுத்துவதற்கு உருப்படியான கையேடு தமிழில் கிடையாது. அந்தக் குறையை இன்றோடு தீர்த்துவிடலாம். நாமக்கல், சங்ககிரிப் பக்கமிருந்து நேஷனல் பர்மிட்டில் வடக்கே போய், ரிட்டன் லோடுக்காகக் காத்துக் கிடந்து, “மணாலிக்கு மேல ஒரு லோடு இருக்கு, போறியா?” என்று புக்கிங் ஆபீசில் கேட்டதும் தலையாட்டிவிட்ட டிரைவர் அண்ணன்களுக்கானது இது. மாதம் ஜனவரி என்று வைத்துக்கொள்வோம். சொன்னபடி செய்தால் லாஹௌல் பள்ளத்தாக்கைத் தாண்டமாட்டீர்கள்.

முதல் காரியம் டீசல் எங்கே போடுவது என்பது. சந்தேகமே வேண்டாம், சண்டிகர்தான். 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் டீசல் 92 ரூபாய்ச் சொச்சம், டெல்லியில் 87 சொச்சம், சண்டிகரில் 82 சொச்சம் என்று இருந்தது. எல்லாம் வாட் வரி செய்யும் வேலை. டீசல் ஜிஎஸ்டிக்குள் வராததால் ஒவ்வொரு அரசும் தன் இஷ்டத்துக்கு வரி போடுகிறது. அத்திப்பள்ளி தாண்டி கர்நாடக பங்கில் டேங்கை நிரப்பியே பழகிய நம்மவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மலை ஏறுவதற்கு முன் 400 லிட்டர் டேங்கை சண்டிகரிலேயே ஃபுல் பண்ணிவிட்டால், டெல்லி விலையோடு பார்க்கையில் லிட்டருக்கு ஐந்து ரூபாய் வீதம் 2,000 ரூபாய் மிச்சம். ஓனருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அவரும் அதையே சொல்வார். இந்த டிரிப்பில் அவர் உங்களைப் பாராட்டப்போவது அந்த ஒரு தடவைதான், ரசித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது டேங்கில் இருப்பது சமவெளி டீசல். நமக்கு வேண்டியதும் அதுதான். டீசலுக்குள் பாரபின் மெழுகு கரைந்து கிடக்கிறது. அது கலப்படமில்லை, டீசலின் பிறவிக் குணம். நன்றாக எரிகிற பங்கும் அதுதான். மார்கழியில் அலமாரித் தேங்காய் எண்ணெய் என்ன ஆகுமோ அதுவே இதற்கும் ஆகும், இன்னும் கீழே போன குளிரில். முதலில் டீசல் மங்கும். பிறகு மெழுகுத் துகள்கள் பில்டரை அடைக்கும். கடைசியில் டேங்கைச் சாய்த்தாலும் அசையாது. இந்திய டீசலுக்கான ஐஎஸ் 1460 தரம், பில்டர் அடைபடும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரிக்கும் கோடையில் 18 டிகிரிக்கும் மேலே போகக் கூடாது என்கிறது. மைனஸ் இல்லை, பிளஸ். கம்பெனிகள் இதைவிட நல்ல சரக்கே கொடுக்கலாம், ஆனால் கொடுத்தாக வேண்டியது அவ்வளவுதான். அதை அளக்கும் சோதனையில்கூட 20 மில்லி டீசல் 45 மைக்ரான் கம்பி வலையை ஒரு நிமிடத்துக்குள் தாண்டினால் பாஸ். உங்கள் வண்டி பில்டரின் துளை அதைவிடப் பல மடங்கு சின்னது. ஆகவே நம் திட்டத்துக்கு அரசாங்கத் தரமே பாதி உதவி செய்துவிட்டது.

9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் நுழைவது மணாலிப் பக்கம், வெளியே வருவது லாஹௌலில். 2020 அக்டோபரில் அது திறக்கும்வரை பழைய வழியான ரோத்தாங் கணவாய் குளிர்காலத்தில் பனியில் மூடிக்கிடந்து, இந்தக் கையேடு யாருக்கும் தேவைப்படாமல் செய்துகொண்டிருந்தது. இப்போது சாலை அனுமதித்தால் குளிர்காலத்திலும் போய் மாட்டிக்கொள்ளலாம். லாஹௌலில் உள்ள டாண்டி பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய போர்டு வெகுகாலமாகப் பிரபலம். அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள். டீசல் மட்டும் போடாதீர்கள், அதுதான் டேங்க் ஃபுல்லாக இருக்கிறதே.

இரவு ஆனதும் டேங்க் இருக்கிற பக்கம் காற்றுக்கு நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்தவும். இன்ஜினை அணைக்கவும். ராத்திரி முழுக்க ஓட விட்டால் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் போகும், விடிவதற்குள் ஓனர் மிச்சம் பிடித்த 2,000 ரூபாயில் பெரும்பங்கு புகையாகிவிடும். (கேபினுக்குள் கரி அடுப்பு வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவது மட்டும் இந்தக் கையேட்டில் இல்லை. அது ஆளைக் கொல்லும். வேடிக்கையாகக்கூட அதைச் சொல்ல மாட்டேன்.)

காலையில் செல்ஃப் அடித்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். ஏமாற்றம் வேண்டாம். பில்டரைத் தாண்டி லைனில் இருந்த கொஞ்சம் டீசல் அது. சில நிமிடத்தில் பிக்அப் குறையும், இருமும், நின்றுவிடும். உடனே மறுபடி செல்ஃப், மறுபடி செல்ஃப். குளிரில் பாதி சக்தியோடு இருக்கிற பேட்டரி மிச்சத்தையும் விட்டுவிடும்வரை அடிக்கவும். கிளீனர் பையன் இருந்தால் கைபம்பை அமுக்கி ஏர் எடுக்கச் சொல்லலாம். மெழுகை ஏர் என்று நினைத்துக்கொண்டு அமுக்குவது நல்ல உடற்பயிற்சி.

இனிமேல்தான் வைத்தியம். உறையாமல் தடுக்கும் மருந்தை உறைந்த பிறகு டேங்கில் ஊற்றவும். மெழுகு உருவாகும்போதே அதன் வடிவத்தைச் சிறிதாக்கி வைப்பதுதான் அந்த மருந்தின் வேலை, ஏற்கெனவே கட்டியானதை அது கரைக்காது. டீசல் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே, டேங்க் நிரப்புவதற்கு முன் ஊற்றினால் உள்ளே நன்றாகக் கலந்து வேலை செய்துவிடும். அந்தத் தப்பை மட்டும் பண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். இதில் உண்மையான ரசாயனம் இருக்கிறது. அமெரிக்காவின் வடமாநிலங்களில் பங்க்காரர்களே குளிர்காலத்தில் சாதாரண இரண்டாம் நம்பர் டீசலோடு, மண்ணெண்ணெய்க்கு உறவுக்காரனான ஒன்றாம் நம்பரைக் கலந்து விற்கிறார்கள். அதற்கு விலை அதிகம், மைலேஜ் குறைவு, அங்கேயும் டிரைவர்கள் புலம்புகிறார்கள். அதை ஆலையிலும் டிப்போவிலும் அளந்து கலக்கிறார்கள், நீங்கள் ரோட்டோரம் கேனில் கலக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கூடவே நம் ஊரில் அது கலப்படக் குற்றம். வழவழப்பு குறைந்து பம்ப் தேயும். பிஎஸ்-6 வண்டியின் புகைச் சுத்திகரிப்பு, 10 பிபிஎம் கந்தகத்தை நம்பிச் செய்தது, மண்ணெண்ணெயின் கந்தகம் அதைக் கெடுக்கும். பெட்ரோல் கலக்கலாமா என்று கேட்பவர் டேங்கை வெடிகுண்டாக்கப் பார்க்கிறார், அது வேறு கையேடு.

டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்துவது மலைச்சாலையின் பழைய கலை. இரும்பு டேங்க் காலத்தில் வளர்ந்தது. இன்றைய வண்டியில் பிளாஸ்டிக் குழாய், வயரிங், சென்சார் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் முடிவு சீக்கிரம் தெரிந்துவிடும். டீசல் உருகியும் வண்டி முரண்டு பிடித்தால் யூரியா டேங்கைப் பாருங்கள். ஆட்புளூ மைனஸ் 11 டிகிரியில் உறையும். கழுத்துவரை நிரப்பியிருந்தால் உறையும்போது விரிந்து டேங்கையே பிளக்கலாம். நிரப்பிவிட்டீர்கள்தானே?

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இத்தனை உழைப்பையும் வீணாக்குகிற சரக்கு ஒன்று சந்தையில் இருக்கிறது. பானிப்பட் ஆலையில் தயாரான குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பர் 17-இல் லடாக்குக்காக வெளியிட்டது. மைனஸ் 33 டிகிரி வரை ஊற்றினால் ஓடும் என்கிறார்கள். ஓடுவது வேறு, பில்டருக்குள் புகுவது வேறு. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதற்கு முன்பே நின்றுவிடும். ஆனாலும் சண்டிகர் டீசலோடு ஒப்பிட்டால் நம் திட்டத்துக்கு அது பரம எதிரி. வேறு வழியில்லாமல் போட வேண்டி வந்தால், முக்கால் டேங்க் சமவெளி டீசலின் மேல் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள், பாதிப் பலன்கூடத் தராது.

இவ்வளவும் முடிந்த பிறகு கணக்குப் பார்க்கிற ஓனர் அண்ணாக்களுக்கு ஒரு வார்த்தை, இது கேலியில்லை. 2,000 ரூபாய் மிச்சம் பிடித்தது டிரைவர் இல்லை, போனில் “சண்டிகரிலேயே ஃபுல் பண்ணிடு” என்ற நீங்கள்தான். பனியில் இரண்டு நாள் நின்றது அவர். மேலே போகிற வண்டிக்கு சண்டிகரில் மலை ஏறுகிற அளவுக்கு மட்டும் டீசல் போடச் சொல்லுங்கள். உறைதடுப்பு மருந்தும் ஒரு மாற்று பில்டரும் வாங்கக் காசு கொடுங்கள். மேலே குளிர்கால டீசல் கிடைக்கிற பங்கில், விலையைக் கேட்காமல் நிரப்பிக்கொள்ள அனுமதி கொடுங்கள்.