கடைசி ஸ்டேசன்காரன்

பதுளையில் ரயிலேறுகிறவனுக்குத் திசை என்கிற தொல்லை கிடையாது. அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது. ஸ்டேசனில் நிற்கிற கோச்சி கொழும்புப் பக்கம்தான் போகும். வேறு பக்கம் போக அதற்கு வழியில்லை. திரும்பி வரும்போதும் எங்கே இறங்குவது என்று யோசிக்க வேண்டாம். எல்லாரும் இறங்குவார்கள், நாமும் இறங்கலாம். தூங்கிப்போனால் பெட்டி கூட்ட வருகிறவர் தட்டி எழுப்புவார். இந்தச் சுகத்திலேயே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆளைச் சென்னை மெட்ரோவில் தனியாக ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? அதற்குச் சாட்சியும் நான்தான், குற்றவாளியும் நான்தான்.

எங்கள் பாதைக்கு அவசரம் பிறவியிலேயே இல்லை. முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை. 1867-ல் கண்டி, 1885-ல் நானுஓயா, 1894-ல் பண்டாரவளை என்று ஒருவழியாக ஏறி வந்தது. அங்கிருந்து பதுளைக்கு இறங்க இன்னும் 30 வருடம் எடுத்துக்கொண்டு, 1924-ல் வந்து சேர்ந்தது. சென்னைக்காரர்களோ 2009-ல் வேலையைத் தொடங்கி, 2019-க்குள் முதற்கட்டத்தின் 45 கிலோமீற்றரையும் முடித்துவிட்டார்கள். பாதையின் குணம் பயணிக்கும் வருமா வராதா? இதல்கஸ்ஹின்னவில் எதிர்க்கோச்சிக்காக நிற்கும்போது இறங்கி, வடை வாங்கி, ஸ்டேசன் மாஸ்டர் பாதை அனுமதிக்கான டேப்லட் வளையத்தை எஞ்சின்காரரிடம் நீட்டுகிறாரா என்று பார்த்துக்கொண்டே பிளேன்டீயை ஆற்றிக் குடித்து, கார்ட் விசிலடித்த பிறகு ஏறுகிற ஆள் நான். விசிலடித்த பிறகும் யாராவது ஓடிவந்தால் பெட்டியில் உள்ளவர்கள் கத்துவார்கள். கோச்சிக்கும் காது கேட்கும்.

அண்ணன் மகன் போனில் மெட்ரோவைப் பற்றிச் சொன்னபோது நான் சிரித்தேன். “மண்ணுக்குள்ள போற கோச்சி எங்களுக்குப் புதுசாப்பா?” பதுளைக்கு இறங்குகிற கோச்சி தெமோதரை ஸ்டேசனைக் கடந்து, மலையைச் சுற்றி வளைந்து, அதே ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வரும். ஸ்டேசனுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. இந்த வித்தையைச் சின்ன வயதிலேயே பார்த்தவனுக்குச் சைதாப்பேட்டைச் சுரங்கம் என்ன செய்துவிடும் என்று கேட்டேன். அவன் மரியாதைக்காரப் பையன், பதில் சொல்லவில்லை.

அவனுடைய தாத்தா என் பெரியப்பா. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இந்தியாவுக்குப் போனவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. பசறைப் பக்கம் கொழுந்தெடுத்த குடும்பம் கோத்தகிரியில், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் போய் மறுபடியும் கொழுந்தெடுத்தது. பேரப்பிள்ளை கணினி படித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். அவர்களைப் பார்க்க நான் கிளம்பியபோது அவன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டளை இரண்டே வரி: “ஏர்போர்ட்ல மெட்ரோ ஏறுங்க சித்தப்பா. சென்ட்ரல்ல இறங்குங்க, நைட் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கணும்.”

லண்டனிலோ டோக்கியோவிலோ வழி தவறுகிறவனுக்கு ஒரு கௌரவம் உண்டு. பாஷை தெரியாத ஊர், பாவம் என்பார்கள். எனக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பலகை தமிழில் இருக்கிறது, அறிவிப்பு தமிழில் வருகிறது, காவலுக்கு நிற்பவர் தமிழில் திட்டாமல் பேசுகிறார். நான் வாழ்க்கையில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவன்.

முதல் சறுக்கல் பை சோதிக்கிற இடத்தில். என் பையில் துணியைவிட மாசிக் கருவாடும் தேயிலைப் பொட்டலங்களும்தான் அதிகம். மெஷினுக்குள் போன பையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே குனிந்தேன். “பையை விடுங்க சார், அந்தப் பக்கம் தானா வரும்” என்றார் காவலர். எங்கள் பக்கம் கையை விட்ட பை தானாக வந்ததாகச் சரித்திரம் இல்லை.

டிக்கட் என்று ஒரு மெல்லிய காகிதம் கொடுத்தார்கள். அதில் கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு கோலம். தானியங்கிக் கேட்டில் அதைச் செருக ஓட்டை தேடினேன். பின்னால் வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி என் கையைக் கண்ணாடிக்கு நேரே நகர்த்திவிட்டாள். கேட் திறந்தது. உள்ளே வந்தாயிற்று, இனிமேல் இந்தக் காகிதத்துக்கு வேலை முடிந்தது என்று முடிவு கட்டினேன். இந்த முடிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விமான நிலையம் அந்தப் பாதையின் கடைசி ஸ்டேசன். எனக்கு நன்றாகத் தெரிந்த உலகம்; ஒரே திசை. நம்பிக்கை பொங்கிவிட்டது. கதவு திறந்ததும் பதுளைப் பழக்கத்தில் பாய்ந்து, கைக்குட்டையை வீசி இடம் பிடித்தேன். பெட்டியில் பாதி காலி. மீதிப் பாதியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், அத்தனை பேரும் பெண்கள். “அண்ணே, இது லேடீஸ் கோச்” என்றார் ஓர் அம்மா, கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்துத் தந்து. மெட்ரோவில் பெட்டிகளுக்கு நடுவே கதவில்லை. ரயிலுக்குள்ளேயே நடந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடலாம். அவமானப்பட்டவன் தலைமறைவாக இதைவிட நல்ல ஏற்பாடு எங்கள் கோச்சியில் இல்லை.

கிண்டி தாண்டி, சின்னமலை வரை ரயில் பாலத்தின் மேலேயே ஓடியது. சின்னமலைக்குப் பிறகு சரிந்து இறங்கி, சைதாப்பேட்டைக்கு முன்னால் மண்ணுக்குள் புகுந்தது. இந்த இடத்தில் மலைநாட்டுக் கோச்சியின் ஒரு சம்பிரதாயத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் இளவட்டங்கள் ‘ஊ…’ என்று கூவுவார்கள். பொடியனாக இருந்தபோது நானும் தொண்டை கிழியக் கூவியிருக்கிறேன். அப்புறம் வாத்தியாராகி, கூவுகிறவர்களை முறைக்கிற பக்கத்துக்கு மாறிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வெளிச்சம் பட்டென்று போனதும் வாய் தன்பாட்டில் குவிந்து, ‘ஊ’ பாதி வெளியே வந்துவிட்டது. மீதிப் பாதியை இருமலாக மாற்றினேன். அந்த இருமல் நந்தனம் வரை நீடிக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

இருமல் முடிந்ததும் வேறு பிரச்சினை வந்தது. பார்க்க ஒன்றுமில்லை. அப்புத்தளைப் பள்ளத்தாக்கும் எல்லப் பாலமும் பார்த்துப் பழகியவனுக்கு ஜன்னலில் தன் முகமே எத்தனை நேரம் அலுக்காமல் இருக்கும்? தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. என்று பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. அரசினர் தோட்டம் வந்தபோது இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சும்மா இருந்த கை சட்டைப்பையில் காகிதம் ஒன்றைக் கண்டுபிடித்தது. பதுளை–பசறை பஸ் டிக்கட்டைக் கூர்மையாகச் சுருட்டிக் காது குடைவது என்னுடைய நெடுநாள் பழக்கம். இந்தக் காகிதம் அதைவிடத் தோது. சுருட்டினால் குச்சியாக நின்றது. இரண்டு காதுக்கும் நியாயம் செய்தேன்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது: புரட்சித்தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல். 2019-ல் பெரிய ரயில் நிலையத்துக்கும், அடுத்த வருடம் மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. 1917 ஜனவரி 17-ஆம் தேதி எங்கள் நாவலப்பிட்டியில் பிறந்தவர் அல்லவா! நாவலப்பிட்டிக்கும் பதுளைக்கும் கோச்சியில் பல மணி நேரத் தூரம். ஆனால் கடல் தாண்டிவிட்டால் இலங்கை முழுக்க நம்ம ஊர்தான். பக்கத்தில் நின்ற இளைஞனிடம், “தம்பி, இவரு எங்க ஊர்ல பொறந்தவரு தெரியுமா?” என்றேன். அவன் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, “என்ன சார்?” என்றான். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாவலப்பிட்டி எங்கே இருக்கிறது, மலைநாட்டுத் தியேட்டர்களில் அவர் படத்துக்கு எப்படிக் கூட்டம் நெரிந்தது என்று சொல்லிக்கொண்டு போனபோது, சனம் இறங்கியதும் சனம் ஏறியதும் கண்ணில் பட்டது. விசில் வரட்டும் என்று இருந்தேன். அங்கே கார்டின் விசில் இல்லை, யாரும் கத்தவும் இல்லை. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவு மூடிவிட்டது.

போன் வந்தது.

“சித்தப்பா, எங்க இருக்கீங்க?”

“ஐக்கோர்ட்ல நிக்கிறேன்ப்பா.”

“ஐக்கோர்ட்ல உங்களுக்கு என்ன வேலை? இறங்கி எதிர்ப்பக்கம் வர்ற வண்டியில ஏறுங்க!”

சொல்வது சுலபம். எதிர்ப்பக்கம் என்றால் எது? பதுளையில் எதிர்ப்பக்கமே கிடையாது. நான் யோசித்து முடிப்பதற்குள் மண்ணடி வந்துவிட்டது, வண்ணாரப்பேட்டையும் போய்விட்டது. தெரியாத இடத்தில் இறங்கித் தப்பான வண்டியில் ஏறுவதைவிட, தெரிந்த வண்டியில் உட்கார்ந்திருப்பதே புத்திசாலித்தனம் என்று பட்டது. ரயில் மறுபடியும் வெளிச்சத்துக்கு ஏறி, வடசென்னையை முழுக்கக் காட்டிவிட்டு, விம்கோ நகர் டிப்போவில் போய் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அன்றைக்கு நான் சரியாக இறங்கிய ஒரே ஸ்டேசன் அதுதான்.

கடைசி ஸ்டேசன் ஆகையால் திரும்பி வருவதில் குழப்பமில்லை. சென்ட்ரலில் கதவுக்கு எதிரே ஒட்டி நின்றுகொண்டு, எம்.ஜி.ஆர். பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினேன். வெளியேறுகிற கேட்டில் மற்றவர்கள் அதே காகிதத்தைக் காட்டுவதைப் பார்த்தபோதுதான் வயிற்றில் புளி கரைந்தது. சட்டைப்பையிலிருந்து குச்சியை எடுத்து விரித்தேன். கோலத்தின் ஒரு மூலை மங்கியிருந்தது. இன்னொரு மூலையில் என் காதின் சொத்து ஒட்டியிருந்தது. கேட் சிவப்பு விளக்கைக் காட்டியது. உதவிக்கு உட்கார்ந்திருந்த பெண் அலுவலர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “என்ன சார் ஆச்சு இதுக்கு?” என்றார். மடிந்துவிட்டது என்றேன். அந்தப் பொய்யை அவர் நம்பவில்லை, ஆனால் காகிதத்தைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். கூடுதலாகக் கொஞ்சம் காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்ததும் போன்.

“எந்த கேட்ல இருக்கீங்க?”

“கேட்டுக்கிட்டதான்ப்பா.”

“இங்க நிறைய கேட் இருக்கு சித்தப்பா. எழுத்து போட்டிருக்கும், பாருங்க.”

எழுத்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. பெரிய சாலையின் மறுபக்கம் அவன் கைகாட்டிக்கொண்டு நின்றான். நடுவில் சென்னையின் வாகனங்கள் அத்தனையும் போய்க்கொண்டிருந்தன. “மறுபடி உள்ள இறங்கி இந்தப் பக்கமா ஏறி வாங்க” என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவனே வந்து கூட்டிப்போனான்.

நீலகிரி எக்ஸ்பிரஸைத் தவறவிட்டோமா என்றால், இல்லை. அது புறப்படுகிற நேரத்தை அவன் என்னிடம் இரண்டு மணி நேரம் முன்தள்ளிச் சொல்லியிருக்கிறான். அப்படிச் சொல்லச் சொன்னது அவனுடைய அம்மா. பதுளைக்காரர்களைப் பற்றி அண்ணிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் நான் ஒரு நிபுணனாகிவிட்டேன். இந்தியாவுக்குப் போகிறவர்கள் என்னிடம்தான் மெட்ரோவைப் பற்றிக் கேட்கிறார்கள். டிக்கட்டைச் சுருட்டாதீர்கள், எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசாதீர்கள் என்பதை மட்டும் காரணம் சொல்லாமல் சொல்வேன். பிறகு என் சொந்தக் கண்டுபிடிப்பை எடுத்து விடுவேன்: “சந்தேகமா இருந்தா நடுவுல எங்கயும் இறங்காதீங்க. கடைசி வரைக்கும் போங்க. அங்க எல்லாரும் இறங்குவாங்க.”

வேளாங்கண்ணிக்குப் போன பக்கத்துத் தோட்டத்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை இந்த ஆலோசனையைக் குடும்பத்தோடு அப்படியே பின்பற்றியிருக்கிறார். போன மாதம் பதுளைச் சந்தையில் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னது நெசந்தான் சேர், பயமே இல்ல. விம்கோ நகர் நல்ல எடம். மூணு தரம் பாத்துட்டோம்.”