ராஜபார்ட் கோச்

ஜான் ஹைஸ்மன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வக்கீலுக்குப் படித்து 1892-இல் பட்டம் வாங்கினார். வாங்கியதோடு சரி. அதே வருடம் ஓஹாயோவில் ஓபர்லின் கல்லூரிக்குக் கால்பந்து கோச்சாகப் போய்விட்டார். காலை விடக் கையும் தோளும் அதிகம் வேலை செய்யும் அமெரிக்கக் கால்பந்து அது. நடுவில் டெக்சாஸில் தக்காளி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். 1895-இல் அலபாமாவின் ஆபர்ன் கல்லூரி அவரை அந்தத் தோட்டத்திலிருந்துதான் மீட்டது.

கோடையில் நாடகக் கம்பெனிகளில் நடிப்பார். மற்ற மாதங்களில் மட்டும் ஒப்பனை கலைந்ததா என்ன? சீசன் தொடங்கியதும் பந்தைத் தூக்கிக் காட்டி, இது என்னவென்று பையன்களிடம் கேட்பாராம். அதன் வடிவத்தை ஜியாமெட்ரி பாஷையில் வர்ணித்துவிட்டு, இதைக் கைநழுவ விடுவதைவிடச் சின்ன வயதிலேயே செத்துப்போயிருக்கலாம் என்று ராஜபார்ட் குரலில் முடிப்பாராம். வாரநாட்களில் வெந்நீருக்கும் சோப்புக்கும் தடை. இரண்டும் உடம்பைத் தளர்த்திவிடும் என்பது அவர் வைத்தியம். முட்டி மோதுவதுதான் ஆட்டமே. வாரம் முழுக்க சோப்பைக் காணாத ஆள் எதிரே ஓடி வந்தால் யார்தான் வழிவிட மாட்டார்கள்?

தந்திரத்துக்கும் பஞ்சமில்லை. 1895-இல் வாண்டர்பில்ட்டுக்கு எதிராக ஆபர்ன் பையன் ஒருவன் பந்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். அப்படியும் ஆபர்ன் 6–9 என்று தோற்றது. 1902-இல் அவர் கிளெம்சன் கல்லூரியின் கோச். ஜார்ஜியா டெக் கல்லூரியோடு அதன் ஊரான அட்லாண்டாவில் ஆட்டம். முதல் நாள் ரயிலில் வந்திறங்கிய கிளெம்சன்காரர்கள் விடிய விடியக் கூத்தடிக்க, ஊரே டெக் மேல் பந்தயம் கட்டியது என்பது கதை. வந்தவர்கள் உப்புக்குச் சப்பாணிகள். நிஜ டீம் லூலா என்ற சிற்றூரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. முடிவு 44–5. மறுவருடம் 73–0. இந்த ஆளை எதிரே நிறுத்துவதைவிடச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதே லாபம் என்று டெக்குக்குப் பட்டிருக்க வேண்டும். 1904-இல் வேலை கொடுத்துவிட்டது.

டெக்கின் பேஸ்பால் டீமுக்கும் அவரே கோச். 1916 வசந்தத்தில் டென்னசியின் கம்பர்லண்ட் கல்லூரி அந்த டீமை 22–0 என்று துவைத்தது, அதுவும் கூலிக்குப் பிடித்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து என்று பேச்சு. ஹைஸ்மன் மனதில் முடிந்து வைத்துக்கொண்டார். கம்பர்லண்ட் கால்பந்தையே ஊற்றி மூடிய பிறகும் விடவில்லை. ஏற்கெனவே போட்ட கால்பந்து ஒப்பந்தப்படி ஆட வந்தால் 500 டாலர், வராவிட்டால் 3,000 டாலர் அபராதம். சட்டம் படித்தது வீண் போகவில்லை பாருங்கள்.

கைக்கு அகப்பட்ட மாணவர்களைத் திரட்டிக்கொண்டு அக்டோபர் 7 அன்று கம்பர்லண்ட் வந்தது. முதல் கால்பகுதியில் 63–0. இடைவேளையில் 126–0. அப்போதும் ஹைஸ்மன் தன் பையன்களிடம், அசந்துவிடாதீர்கள், அவர்கள் என்ன வைத்திருக்கிறார்களோ என்றாராம். அவர்களிடம் இருந்தது வீக்கம் மட்டுமே. கீழே விழுந்த பந்தை எடுக்கச் சொன்னால், நீதானே போட்டாய், நீயே எடு என்று ஒருவன் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். பொய்யாக இருந்தாலும் நியாயமான பதில். பிற்பாதியின் நேரத்தைக் குறைத்தும் முடிவு 222–0.

வேடிக்கை இதில்தான். பந்தை முன்னோக்கி வீச அனுமதி வேண்டும் என்று விதிகளைக் கட்டிக் காத்த வால்டர் கேம்ப்பின் உயிரை எடுத்தவர் ஹைஸ்மன். 1906-இல் அனுமதி கிடைத்தது. இந்த ஆட்டத்திலோ டெக் ஒரு தடவைகூட அப்படி வீசவில்லை, ஓடியே முடித்தார்கள்.

1919-இல் விவாகரத்து. எந்த ஊரில் இருக்கப் போகிறாய் என்று நடிகையான மனைவியிடமே கேட்டார். அட்லாண்டா என்றார் அம்மையார். இருவருக்கும் ஒரே ஊர் வேண்டாமென்று இவர் டெக் வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

கடைசியில் நியூயார்க்கில் டவுன்டவுன் அத்லெடிக் கிளப்பின் விளையாட்டு இயக்குநர். சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கு ஒரு கோப்பை என்று 1935-இல் கிளப் தொடங்கியது. பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருத்தனுக்கு மட்டும் பரிசா என்று இவருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. 1936 அக்டோபரில் அவர் இறந்தார். மறுப்புச் சொல்ல ஆளில்லாத அந்த வருடமே கோப்பைக்கு ஹைஸ்மன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.